ஏற்றுமதி டாலரை ஈ.ஈ.எஃப்.சி. கணக்கில் வைத்திருப்பதா, வந்தவுடன் ரூபாயாக மாற்றிவிடுவதா?

தறிநாடன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தம்பியும் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றைக் கூட்டாக நடத்தி வருகிறோம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் டாலரிலும் சிலர் யூரோவிலும் பணம் அனுப்புகிறார்கள். வந்த அன்றே வங்கி அதை ரூபாயாக மாற்றி எங்கள் கேஷ் கிரெடிட் கணக்கில், அதாவது ஒரு வரம்பு வரை எடுத்து எடுத்த அளவுக்கு வட்டி கட்டும் கடன் கணக்கில், வரவு வைத்துவிடுகிறது. ஆனால் ஜிப், பொத்தான், தையல் இயந்திர உதிரிபாகங்கள் போன்றவற்றை நாங்கள் இறக்குமதி செய்கிறோம். வெளிநாட்டு முகவர்களுக்குத் தரகும் அனுப்புகிறோம். இதனால் ஒரு மாதம் கழிவதற்குள் அதே வங்கியிடம் போய், நாங்கள் விற்ற டாலரைக் கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது.

ஈ.ஈ.எஃப்.சி. என்னும் வெளிநாட்டு நாணயக் கணக்கைத் தொடங்கினால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம் என்று சொல்கிறார்கள். அதில் பணத்தை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், எதற்கெல்லாம் செலவிடலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன். ரூபாய் எப்படியும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆகவே வருகிற டாலர் முழுவதையும் மாற்றாமல் வைத்திருந்து விலை ஏறும்போது விற்கலாம் என்பது தம்பியின் கருத்து. எனக்கு அதில் தயக்கம் உண்டு, ஆனால் எதிர்த்துச் சொல்லத் தெளிவான காரணம் கிடைக்கவில்லை.

செலாவணிமேசை எழுதியது:

வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

1999 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும், அதன் கீழ் ரிசர்வ் வங்கி வகுத்துள்ள ஒழுங்குமுறைகளும்தான் இதற்கு அடிப்படை. ஏற்றுமதியில் ஈட்டிய வெளிநாட்டு நாணயத்தை முழுவதுமாக, அதாவது நூற்றுக்கு நூறு, இந்தக் கணக்கில் வரவு வைக்கலாம். ஆனால் ஒரு நாள்காட்டி மாதத்தில் சேர்ந்த தொகையில், அனுமதிக்கப்பட்ட செலவுகளும் ஏற்கெனவே செய்துகொண்ட ஃபார்வர்டு ஒப்பந்தக் கடமைகளும் (பின்னொரு நாளில் மாற்றும் விலையை இன்றே உறுதி செய்துகொள்வது ஃபார்வர்டு ஒப்பந்தம்) போக எஞ்சியதை, அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் ரூபாயாக மாற்றியாக வேண்டும். பலர் இதை வந்த நாளிலிருந்து இத்தனை நாள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியல்ல. டிசம்பர் 1 அன்று வந்த பணத்துக்கு ஜனவரி 31 வரை, ஏறத்தாழ இரண்டு மாதம் கிடைக்கிறது. ஜனவரி 31 அன்று வந்த பணத்துக்கோ பிப்ரவரி இறுதி வரை நான்கு வாரம்தான் கிடைக்கும். ஆகவே மாதத்தின் முதல் வாரத்தில் வரும் பணமும் கடைசி வாரத்தில் வரும் பணமும் பயன்பாட்டில் ஒன்றல்ல.

இது நடப்புக் கணக்கு. இதற்கு வட்டி கிடையாது. இருப்பை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கவும் முடியாது. இறக்குமதிக் கட்டணம், முகவர் தரகு, வெளிநாட்டுப் பயணச் செலவு, கண்காட்சிக் கட்டணம் ஆகியவற்றுக்குச் செலவிடலாம். சுங்க வரி கட்டலாம். சரக்கை அனுப்பும் முன் அதைத் தயாரிப்பதற்காக வங்கி தரும் பேக்கிங் கிரெடிட் கடனையும், ஏற்றுமதி நடந்த அளவுக்கு இதிலிருந்து அடைக்கலாம். ரூபாயாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி எடுத்த ரூபாயை மீண்டும் டாலராக்கி இதே கணக்கில் போட முடியாது. அது ஒருவழிக் கதவு. வெளிநாட்டுக் கடனாகவோ முதலீடாகவோ வந்த பணத்தையும் இதில் வரவு வைக்கக் கூடாது.

இந்த விதி எப்படி வந்தது என்பதையும் தம்பிக்குச் சொல்லுங்கள். 2012 மே மாதத்தில் ரூபாய் வேகமாகச் சரிந்துகொண்டிருந்தபோது, இந்தக் கணக்குகளில் இருந்த இருப்பில் பாதியை இரண்டு வாரத்துக்குள் ரூபாயாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. புதிதாக வரும் பணத்திலும் பாதியை மட்டுமே வைத்திருக்கலாம் என்றது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் முழுத் தொகையையும் வரவு வைக்க மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆனால் அடுத்த மாத இறுதிக்குள் மாற்றியாக வேண்டும் என்ற நிபந்தனை அப்போதுதான் கூடவே வந்தது. ரூபாய் இறங்கும் என்று எதிர்பார்த்து டாலரைச் சேர்த்து வைப்பதைத் தடுப்பதற்காகவே இந்தக் காலக்கெடு விதிக்கப்பட்டது.

நுண்கணக்கு எழுதியது:

விதி தெளிவாகிவிட்டது. இனி கணக்கைப் பார்ப்போம். பட்டயக் கணக்காளனாக நான் பார்த்தவரையில், இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் டாலர் ஏறுமா இறங்குமா என்று யோசித்தே முடிவு செய்கிறார்கள். சந்தை விலைக்கும் தன் விலைக்கும் நடுவே வங்கி எடுக்கும் இடைவெளியையும் தாங்கள் கட்டும் வட்டியையும் அருகருகே எழுதிப் பார்ப்பவர்கள் குறைவு.

எடுத்துக்காட்டாக, சந்தையில் ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வங்கி 84.60 க்கு வாங்கி 85.40 க்கு விற்கிறது. ஒரு லட்சம் டாலரை இன்று விற்று அதே விலையில் பிறகு வாங்கினால், இழப்பு 80,000 ரூபாய். ஈ.ஈ.எஃப்.சி. கணக்கில் வைத்திருந்தால் இந்த 80,000 மிச்சம்.

இப்போது மறுபக்கம். அந்த ஒரு லட்சம் டாலரை விற்றிருந்தால் 84.60 லட்சம் ரூபாய் உங்கள் கேஷ் கிரெடிட் கணக்கில் விழுந்து கடனைக் குறைத்திருக்கும். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,318 ரூபாய். டாலரை 45 நாள் சும்மா வைத்திருந்தால் நீங்கள் கூடுதலாகக் கட்டும் வட்டி 1,04,300 ரூபாய். 80,000 ஐ மிச்சம் பிடிக்கப் போய் 1,04,300 ஐ இழக்கிறீர்கள். இந்தக் கணக்குப்படி 34 நாளைத் தாண்டி வைத்திருப்பது நட்டம்.

நிறுவனத்துக்குக் கடனே இல்லை என்றால் இந்த வாதம் வலுவிழக்கும். ஆனால் கேஷ் கிரெடிட் வரம்பை முழுவதும் பயன்படுத்திக்கொண்டே டாலரை வட்டியில்லாக் கணக்கில் போட்டு வைத்திருக்கும் நிறுவனங்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பெருமைக்காகச் செய்யும் செலவாகவே எனக்கு அது தோன்றுகிறது.

செலாவணிமேசை எழுதியது:

நுண்கணக்கு அவர்கள் சொன்னது சரி, ஆனால் ஒன்று விடுபட்டிருக்கிறது. டாலரை விற்றுவிட்டு 45 நாள் கழித்து வாங்கும்போது விலை என்னவாக இருக்கும் என்று தெரியாது. டாலரை வைத்திருப்பவருக்கு அந்த அச்சம் இல்லை. இரண்டையும் சமமாக ஒப்பிட வேண்டுமானால், விற்ற அன்றே 45 நாளுக்கு ஃபார்வர்டு ஒப்பந்தம் செய்து வாங்கும் விலையையும் உறுதி செய்துகொண்டதாக வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அதற்குப் பிரீமியம், அதாவது இன்றைய விலைக்கு மேல் ஒரு கூடுதல் தொகை, உண்டு. ஆண்டுக்கு 2 சதவீதம் என்று கொண்டால் 45 நாளுக்கு ஏறத்தாழ 21,000 ரூபாய் ஆகும். 80,000 உடன் இதைக் கூட்டினால் 1,01,000. வட்டி மிச்சம் 1,04,300. ஆக, 45 நாளில் இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். சமநிலை வரும் நாள் 34 இலிருந்து 43 ஆகத் தள்ளிப்போகிறது.

நுண்கணக்கு எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். பிரீமியத்தைச் சேர்த்துக்கொள்வதுதான் முறை.

இந்தத் திருத்தத்தோடு கணக்கை இன்னும் ஒரு படி கொண்டு செல்கிறேன். இந்த இழை முழுவதிலும் தறிநாடன் அவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பக்கமும் 40 பைசா இடைவெளி என்பது வங்கி சொன்னதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் வாடிக்கையாளருக்கான விலை. தொடர்ந்து ஏற்றுமதி செய்யும் நிறுவனம், வங்கிகளுக்கு இடையிலான விலையை அந்த நேரத்தில் திரையில் பார்த்துக்கொண்டே பேரம் பேசினால் 5 பைசாவுக்கும் கொண்டுவரலாம். இந்தியத் தீர்வுக் கழகம் 2019 முதல் நடத்தும் எஃப்.எக்ஸ். ரீட்டெயில் தளம், சிறு நிறுவனங்களும் சந்தை விலையைப் பார்த்துப் பரிமாறிக்கொள்வதற்கென்றே உருவாக்கப்பட்டது. அதில் சேர உங்கள் வங்கியிடமே கேட்கலாம்.

இரு பக்கமும் 5 பைசா என்று ஆனால், ஒரு லட்சம் டாலரை விற்று வாங்குவதில் இழப்பு 10,000 ரூபாய்தான். அப்போது சமநிலை 43 நாளிலிருந்து 5 நாளுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது கடன் உள்ள ஒரு நிறுவனம், ஒரு வாரத்துக்கு மேல் டாலரை வைத்திருக்க வேண்டிய காரணமே பெரும்பாலும் இருக்காது. ஈ.ஈ.எஃப்.சி. கணக்கு இலாபகரமாகத் தெரிவதற்குப் பல இடங்களில் காரணம், வங்கியின் இடைவெளியை யாரும் கேள்வி கேட்காமல் விட்டதுதான். கணக்கைத் தொடங்கும் முன் கடந்த ஆறு மாதத்து மாற்று விலைகளை எடுத்து, அந்தந்த நேரத்துச் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

யாழ்வணிகன் எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சட்டம் வேறு. 1953 ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017 இல் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் வந்தது. வணிக வெளிநாட்டு நாணயக் கணக்கு என்று நாங்கள் வைத்திருப்பது உங்கள் ஈ.ஈ.எஃப்.சி. கணக்குக்கு நெருக்கமானது. 2021 இல் மத்திய வங்கி, ஏற்றுமதிப் பணம் 180 நாள்களுக்குள் நாட்டுக்கு வர வேண்டும் என்றும், அனுமதிக்கப்பட்ட கொடுப்பனவுகள் போக மீதியை ரூபாயாக மாற்ற வேண்டும் என்றும் விதித்தது.

மேலே போடப்பட்ட கணக்கு அமைதியான காலத்துக்குப் பொருந்தும். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் அது 360 ஐ எட்டியது. இடையில் ஏப்ரலில் அரசு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. அந்த நாட்களில் விலையை விடப் பெரிய சிக்கல், எந்த விலைக்கும் வங்கியில் டாலர் கிடைக்காததுதான். மூலப்பொருளுக்குப் பணம் அனுப்ப முடியாமல் ஆலைகள் நின்றன. தன் கணக்கில் டாலர் வைத்திருந்த ஏற்றுமதியாளரால் மூலப்பொருளை வரவழைக்க முடிந்தது. அவர் அதில் பெற்ற நன்மையை வட்டிக் கணக்கில் அடக்க முடியாது.

ஆகவே, செலுத்த வேண்டிய பில் கையில் இருக்கும்போது அதே நாணயத்தைக் கையில் வைத்திருப்பதை வெறும் இலாப நட்டமாக மட்டும் பார்க்க வேண்டாம் என்று தறிநாடன் அண்ணாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

செலாவணிமேசை எழுதியது:

யாழ்வணிகன் அவர்களின் அனுபவம் மிக முக்கியமானது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அவர் சொல்லும் ஏற்றுமதியாளரைக் காப்பாற்றியது, செலுத்த வேண்டிய பில்லுக்காக வைத்திருந்த டாலர். விலை ஏறட்டும் என்று காத்திருப்பவரின் நிலை அதுவல்ல.

நெருக்கடி வரும்போது அரசு முதலில் கை வைப்பது உள்நாட்டு வங்கிகளில் உள்ள வெளிநாட்டு நாணயக் கணக்குகளில்தான். 1998 மே மாதத்தில் அணுகுண்டுச் சோதனையை அடுத்து பாகிஸ்தான் இத்தகைய கணக்குகளை முடக்கியது. வைப்பாளர்கள் டாலருக்கு 46 ரூபாய் வீதம் உள்நாட்டு ரூபாயாக மட்டுமே எடுக்க முடிந்தது. அர்ஜென்டினாவில் 2002 தொடக்கத்தில் வங்கிகளில் இருந்த டாலர் வைப்புகளை அரசு, டாலருக்கு 1.40 பெசோ என்று மாற்றியது. அதே ஆண்டின் நடுவில் சந்தையில் டாலர் மூன்று பெசோவைத் தாண்டியிருந்தது. லெபனானில் 2019 இறுதியிலிருந்து பழைய டாலர் வைப்புகளை டாலராகவே எடுக்க முடியாத நிலை. மலேசியா 2016 இறுதியில் ஏற்றுமதி வருவாயில் 75 சதவீதத்தை ரிங்கிட்டாக மாற்றச் சொல்லி, 2021 இல்தான் அந்தக் கட்டாயத்தை விலக்கியது. ரஷ்யா 2022 பிப்ரவரி இறுதியில் 80 சதவீதத்தை விற்கச் சொன்னது.

இந்தியா இந்த நாடுகளைப் போன்றது என்று நான் சொல்லவில்லை. 2012 இல் இங்கே நடந்தது மிக மென்மையான நடவடிக்கை. ஆனால் எல்லா இடத்திலும் பொதுவான ஒன்று உண்டு. கட்டுப்பாடு உள்ள நாட்டில் வங்கிக் கணக்கில் காட்டப்படும் டாலர், அந்த நாட்டு விதி அனுமதிக்கும் வரைதான் டாலர்.

தம்பியின் வாதத்துக்கும் வருகிறேன். 2013 மே மாதத்தில் 55 ரூபாய் அளவில் இருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68 ஐத் தாண்டியது. அன்றைக்கு இன்னும் ஏறும் என்று நம்பாதவர்களைப் பார்ப்பது அரிதாக இருந்தது. அதே நாளில் ரிசர்வ் வங்கி எண்ணெய் நிறுவனங்களுக்குத் தனியே டாலர் வழங்க ஏற்பாடு செய்தது. செப்டம்பரில் வேறு நடவடிக்கைகளும் வந்தன. அக்டோபரில் டாலர் 62 க்குக் கீழே வந்துவிட்டது. நீண்ட கால நோக்கில் ரூபாய் இறங்கியே வந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு விதி தரும் காலம் அதிகபட்சம் இரண்டு மாதம். பத்து ஆண்டுப் போக்கை நம்பி இரண்டு மாதத்துக்குப் பந்தயம் கட்ட முடியாது.

கணினித்தமிழன் எழுதியது:

மென்பொருள் சேவை ஏற்றுமதி செய்கிறேன். என் நிலைமை வேறு என்பதால் சுருக்கமாகப் பதிகிறேன். எங்கள் செலவில் பெரும்பகுதி சம்பளம், அது ரூபாய். டாலரில் செலவாவது மேகக் கணினி வாடகையும் சில மென்பொருள் உரிமங்களும் மட்டுமே. ஆகவே அடுத்த மாத இறுதி வரை வரக்கூடிய டாலர் பில்களைக் கூட்டி, அந்த அளவை மட்டும் கணக்கில் விட்டுவைத்து, மிச்சத்தை வந்த அன்றே மாற்றிவிடுகிறோம். பில் தொகை தெரிந்திருப்பதால் எவ்வளவு வைப்பது என்ற வாக்குவாதமே எழுவதில்லை.

யூரோவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. யூரோ வருகிறது, செலவோ டாலர் என்றால் அது பொருத்தமான இருப்பாகாது. யூரோவிலிருந்து டாலருக்கு மாற்றும் விலையிலும் வங்கியின் இடைவெளி இருக்கிறது, ஆனால் அது ரூபாய் விலையைப் போலக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. ஒவ்வொரு நாணயத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

தறிநாடன் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பியை உட்காரவைத்து முழு இழையையும் படிக்கச் சொன்னேன். 2013 ஆம் ஆண்டுக் கணக்கைப் படித்தபின், விலைக்காகக் காத்திருக்கும் எண்ணத்தை அவனே கைவிட்டுவிட்டான்.

எங்கள் நிலைமையைக் கூடுதலாகச் சொல்கிறேன். டாலர் வரவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு டாலர் செலவு இருக்கிறது. யூரோவில் செலவே இல்லை. இதுதவிர, வெளிநாட்டு நாணயத்திலேயே பேக்கிங் கிரெடிட் கடனும் வாங்கியிருக்கிறோம். அந்தக் கடனை டாலர் வரவிலிருந்தே அடைப்பதற்கும் ஈ.ஈ.எஃப்.சி. கணக்கு வழியாக அடைப்பதற்கும் வேறுபாடு உண்டா? பணம் ரூபாயாக மாறாமல் டாலராகவே கணக்கில் விழுந்தால், ஏற்றுமதிப் பணம் வந்துசேர்ந்ததாகப் பதிவாகுமா என்பதும் எங்கள் கணக்குப்பிள்ளையின் கேள்வி.

நுண்கணக்கு எழுதியது:

பதிவாகும். இந்தியாவில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட வங்கியில் வெளிநாட்டு நாணயமாக வந்து சேர்ந்ததே ஏற்றுமதிப் பணம் வந்ததாகக் கொள்ளப்படும். ரூபாயாக மாறினால்தான் என்று இல்லை. ஆனால் எந்த ஷிப்பிங் பில்லுக்கு (சுங்கத் துறையிடம் தரும் ஏற்றுமதி ஆவணம்) எந்த வரவு என்று வங்கி ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிக் கண்காணிப்புத் தளத்தில் பொருத்தி முடிக்க வேண்டும். ஈ.ஈ.எஃப்.சி. கணக்கில் பணம் விழுந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டு, பல மாதம் கழித்து நிலுவைப் பட்டியலில் பெயர் வந்து திகைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வரவுக்கும் இன்வாய்ஸ் எண்ணையும் ஷிப்பிங் பில் எண்ணையும் அன்றே வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். இறக்குமதிக்கும் அப்படித்தான். உங்கள் சொந்த டாலரிலிருந்து பணம் அனுப்பினாலும், சரக்கு வந்ததற்கான பில் ஆஃப் என்ட்ரி பொருத்தப்பட வேண்டும். சொந்த டாலர் என்பதால் ஆவணத்தில் சலுகை கிடையாது.

இதில் அலட்சியம் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு. மீறலின் தொகையைக் கணக்கிட முடிந்தால் அதன் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். கணக்கிட முடியாவிட்டால் இரண்டு லட்சம் ரூபாய் வரை. மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரை கூடுதலாகவும் விதிக்கலாம். தெரியாமல் நேர்ந்த மீறல்களைத் தாமாக ஒப்புக்கொண்டு இணக்கக் கட்டணம் செலுத்தித் தீர்த்துக்கொள்ள 15 ஆம் பிரிவு வழி செய்கிறது.

ஆண்டு முடிவில் இன்னொன்று. மார்ச் 31 அன்று கணக்கில் எவ்வளவு டாலர் இருக்கிறதோ அதை அன்றைய விலையில் மதிப்பிட்டு, வேறுபாட்டை இலாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும். விற்காத டாலருக்கும் இலாபம் எழுதப்படும், அது வருமானத்திலும் சேரும்.

செலாவணிமேசை எழுதியது:

பேக்கிங் கிரெடிட் பற்றி. டாலர் கடன் இருக்கும்போது, அந்தக் கடனுக்கு உரிய ஏற்றுமதிப் பணம் வந்தவுடன் அதைக் கொண்டே கடனை அடைப்பதுதான் முறை. வங்கியும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். ஈ.ஈ.எஃப்.சி. இருப்பிலிருந்து அடைக்கவும் அனுமதி உண்டு. ஆனால் வட்டி ஓடும் டாலர் கடனை வைத்துக்கொண்டு வட்டியில்லாத டாலர் இருப்பையும் வைத்திருப்பதில் பொருளே இல்லை. இங்கே விலை இடைவெளியும் இல்லை, ஃபார்வர்டு பிரீமியமும் இல்லை, இரண்டும் ஒரே நாணயம். ஆகவே டாலர் வந்தால் முதலில் பேக்கிங் கிரெடிட், அடுத்து இந்த மாதமும் அடுத்த மாதமும் செலுத்த வேண்டிய டாலர் பில்கள், அதற்கும் மேல் எஞ்சினால் அன்றே ரூபாய். யூரோவை அன்றே மாற்றிவிடுங்கள்.

தறிநாடன் எழுதியது:

இந்த வரிசையையே நிலையான எழுத்து அறிவுறுத்தலாக வங்கியிடம் கொடுக்கப் போகிறோம். அதற்கு முன் இடைவெளியைப் பற்றி மேலாளரிடம் பேச நாள் கேட்டிருக்கிறேன், கடந்த ஆறு மாதத்து மாற்று விலைகளைக் கணக்குப்பிள்ளை இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறார். கடைசியாக ஒன்று: மாதத்தின் கடைசி நாள் வங்கி விடுமுறையாக இருந்தால் என்ன செய்வது?

செலாவணிமேசை எழுதியது:

அதற்கு முந்தைய வேலைநாளிலேயே முடித்துவிடுங்கள். நீங்கள் மாற்றாவிட்டால் வங்கி தானாக மாற்றும், அப்போது கிடைப்பது பேரம் பேசாத விலை. மாதத்தின் 20 ஆம் தேதி வாக்கில் இருப்பையும் வரவிருக்கும் பில்களையும் ஒருமுறை ஒப்பிட்டு, எஞ்சியதை நீங்களே நல்ல விலை கேட்டு விற்றுவிட்டால் கடைசி நாள் எந்தக் கிழமையாக இருந்தாலும் சிக்கல் இல்லை.